எனக்கு முன்னே கரையிறங்கிய கடிதம்

வேலூர்,
6 ஜனவரி 1930

அன்புள்ள அண்ணா ரத்தினசாமிக்கு,

தங்கை அமிர்தவள்ளி எழுதுகிறேன். நான் சுகம். மார்கழிப் பனிக்குக் கொஞ்சம் இருமல், அதற்கும் கஷாயம் குடித்தாயிற்று. மருந்து கட்டி ஆளனுப்பாதே. அண்ணியும் கல்யாணப்பெண் சுந்தரியும் எப்படி இருக்கிறார்கள்?

சேதி வந்துவிட்டது. உன் மாப்பிள்ளை தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில் போட்ட மனு பாஸாகி, என்னை அழைத்துக்கொள்ள உத்தரவாகியிருக்கிறது. கல்யாணமாகி எட்டு வருஷம். அதில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது பதினோரு மாதம். அந்த ஊரிலேயே பிறந்தவரானாலும் மூன்று வருஷத்துக்குள் திரும்பாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று, வயிற்றில் பிள்ளையோடு என்னை விட்டுவிட்டுப் போனார். அதை எண்ணி எண்ணி நான் அலுத்துப்போன கதை உனக்குத் தெரியும். இனிமேல்தான் எனக்குக் குடித்தனம்.

கலெக்டர் ஆபீஸில் நாலு நாள் உட்கார், எழுந்திரு என்று பாடாய்ப் படுத்தினார்கள். கல்யாணத்துக்கு யார் சாட்சி, மச்சம் எங்கே, அப்பா என்ன வேலை செய்தார். கட்டைவிரலில் மை தடவ வந்தார்கள். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், நான் ஸ்கூல்ல தையல் டீச்சர்" என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தடவினார்கள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, தேகமும் மனமும் நல்ல நிலையில் இருப்பதாக சர்டிபிகேட் கொடுத்தார். குழந்தை இறந்துபோன அந்த வருஷம் நான் அவருடைய ஆஸ்பத்திரியில் எண்பது நாள் கிடந்ததை எந்தக் காகிதமும் கேட்கவில்லை. "அதையும் சொல்ல வேண்டுமா?" என்று அவரையே கேட்டேன். "இப்ப நல்லா இருக்கியான்னு கேக்கறாங்க. நல்லா இருக்கே. மீதியெல்லாம் உன்னோடது" என்றார். உன் மாப்பிள்ளைக்கும் அது தெரியாது. கடிதத்தில் எழுதுகிற சங்கதியா அது? நேரில், முகத்தைப் பார்த்து, நானே சொல்வேன். அதுவரை நீ வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். உன் வாய் எனக்குத் தெரியும் என்பதால் இதை இரண்டு தரம் படி.

உன் தங்கை,
அமிர்தவள்ளி

ஆம்பூர்,
10 ஜனவரி 1930

தங்கை அமிர்தவள்ளிக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

இங்கே மூவரும் சுகம். கஷாயத்தில் மிளகு போட்டாயா? சுக்கு மட்டும் போதாது. நீ வேண்டாமென்றாலும் மிளகு அனுப்புகிறேன்.

உன் சேதியைக் கேட்டு அண்ணி அழுதுவிட்டாள். தோல் பதனிடும் ஷாப்பில் முதலாளி சர்தார் பாஷா சாயபுவிடம் சொன்னேன். பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் கொடுத்து வாழ்த்தினார்.

ஒன்று மட்டும் என் மனதை அரிக்கிறது. போன வருஷம் இங்கே ஒரு ஷாப்புக்காரன் கத்தி வெட்டு விழுந்த தோல்களை உள்பக்கம் மடித்து வைத்துக் கட்டி லண்டனுக்கு அனுப்பினான். அங்கே ஒன்றைப் பிரித்துப் பார்த்தவன் அத்தனை கட்டையும் திருப்பி அனுப்பிவிட்டான். நான் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பிரிக்கிறேன். என் கை பட்டுப் போன கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என்ன காரணம்? குறை இருந்தால் நானே முதலில் சீட்டில் எழுதிக் கட்டின் மேல் கட்டிவிடுவேன். முன்னால் சொன்ன குறையை யாரும் குறையாக எடுப்பதில்லை. பின்னால் அகப்பட்டால்தான் வில்லங்கம். யோசித்துப் பார்.

அண்ணன்,
ரத்தினசாமி

வேலூர்,
17 ஜனவரி 1930

அண்ணாவுக்கு,

மிளகு வந்தது, இருமல் அதற்கு முன்பே போய்விட்டது. பொங்கலுக்கு வரமுடியவில்லை, அண்ணி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் தோல் இல்லை. கட்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து உனக்குப் பார்ப்பதெல்லாம் தோலாகத் தெரிகிறது. பெற்ற பிள்ளை செத்ததற்கு ஒருத்தி படுத்துக் கிடந்தால் அது குறையா? அதற்கு ஒரு சீட்டா?

உன் மாப்பிள்ளைக்கு நீ இதைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று எனக்குப் பதில் போடு. வேறு வியாக்கியானம் எதுவும் வேண்டாம். பிப்ரவரி கடைசியில் பம்பாயில் கப்பல்.

அமிர்தவள்ளி

ஆம்பூர்,
20 ஜனவரி 1930

தங்கைக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம்.

உன் இஷ்டப்படியே. மாப்பிள்ளை வேலுவுக்கு ஒரு வரியும் எழுதமாட்டேன். இது சத்தியம்.

ஆபத்து அவசரத்துக்கு என் கையில் இருக்கட்டும். நீ இறங்கப்போகிற துறைமுகத்தில் காகிதம் பார்க்கிற ஆபீஸின் விலாசத்தையும் கப்பலின் பெயரையும் ஒரு கார்டில் எழுதி உடனே போடு. காட்பாடி ஸ்டேஷனுக்கு நாங்கள் மூவரும் வந்து வழியனுப்புவோம். அண்ணி உனக்காக முறுக்கு சுடப்போகிறாள்.

அண்ணன்,
ரத்தினசாமி

டர்பன்,
28 மார்ச் 1930

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. நீங்கள் மூவரும் சுகமாக இருங்கள்.

கடலில் எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. கப்பலில் வாந்தியெடுத்த பெண்களுக்கெல்லாம் நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் எங்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது வெள்ளைக்கார ஆபீஸர் என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, மேஜைக்குள்ளிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். அவர் பேச்சை எனக்குத் தமிழில் சொன்ன துபாஷி இந்த ஊரிலேயே பிறந்த தமிழர். மெதுவாகப் பேசுவது என்று ஒன்று இருப்பதே தெரியாதவர். கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "ஏம்மா, நீ பைத்தியக்கார ஆஸ்பத்திரில இருந்தியாமே, எத்தினி நாளு? யாரையாவது அடிச்சியா, கடிச்சியா?"

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், கையில் பூவோடு உன் மாப்பிள்ளை நின்றிருந்தார். ஏழு வருஷம் கழித்து என்னைப் பற்றி அவர் காதில் விழுந்த முதல் சேதி அது.

"யாரையும் அடிக்கல. கொழந்த செத்துப்போச்சி, அழுதேன். அப்புறம் அழவும் முடியல, படுத்துட்டேன். எண்பது நாளு" என்றேன். துபாஷி இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். நான் சொன்னது அத்தனையும் அந்த இரண்டு வார்த்தைக்குள் எப்படிப் போயிற்று என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்றவர்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். என்னை ஒன்பது நாள் ஒரு கொட்டடியில் வைத்திருந்தார்கள். உன் மாப்பிள்ளை ஜாமீன் நின்ற பிறகு ஒரு மாதச் சீட்டு கொடுத்து வெளியே விட்டார்கள். மாதா மாதம் போய் அதே கூடத்தில் நின்று புதுப்பிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து விசாரணைக் காகிதம் வந்த பிறகுதான் நான் இங்கே இருப்பதா, திரும்பிப் போவதா என்று முடிவு செய்வார்களாம்.

நான் வருவதற்கு முந்திய கப்பலிலேயே யாரோ ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம். யார் அந்தப் புண்ணியவான்? நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? விசாரித்து எழுது. என் வயிறு எரிகிறது.

அமிர்தவள்ளி

ஆம்பூர்,
9 மே 1930

தங்கைக்கு ஆசீர்வாதம்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. வெயில்தான் ஜாஸ்தி. பாலாற்றில் ஊற்று தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்த ஊரில் இப்போது குளிர்காலமாமே, கம்பளி இருக்கிறதா? அரிசி கிடைக்கிறதா?

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. ஷாப்பில் வேலை ஜாஸ்தி, அதனால்தான் தாமதம். வேறொன்றுமில்லை. சுந்தரியின் கல்யாணம் வைகாசியில் இல்லை. தள்ளிப் போட்டிருக்கிறோம். அதிலும் விசேஷமாக ஒன்றுமில்லை.

கடிதம் எழுதியது யாரென்று விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாராக இருந்தாலும் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்கமாட்டார் என்று படுகிறது. சிவப்பு மையில் கான்ஃபிடென்ஷியல் என்று போட்டிருந்தும் கூடத்தில் உரக்கப் படித்தார்கள் என்றால், தப்பு அந்த ஆபீஸின் மேல்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ரத்தினசாமி

டர்பன்,
14 ஜூன் 1930

அண்ணாவுக்கு,

கம்பளி இருக்கிறது. அரிசி கிடைக்கிறது. என் சுகத்தைப் பற்றி நீ விசாரித்தது போதும்.

சிவப்பு மை என்று நான் உனக்கு எழுதவே இல்லையே?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தேன். நேற்று சீட்டுப் புதுப்பிக்கப் போனபோது துபாஷியிடம் கெஞ்சி அந்தக் காகிதம் முழுவதையும் தமிழில் சொல்லச் சொன்னேன். கையெழுத்து வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை. "குறை: ஒன்று. ஆறு வருஷம் பழையது. நன்றாக ஆறிவிட்டது. மற்றபடி முதல் தரம். கவனமாகக் கையாளவும்." துபாஷி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னாம்மா இது, மாட்டுத்தோலு விக்கிற மாதிரி எழுதிக்கிறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கூடத்தில் நான் சிரிக்கலாமா? ஆபீஸர் நிமிர்ந்து பார்த்து எதையோ குறித்துக்கொண்டார். அழுதால் எழுதுகிறார்கள், சிரித்தாலும் எழுதுகிறார்கள். சும்மா நின்றால், ஏன் சும்மா நிற்கிறாள் என்று எழுதுகிறார்கள்.

எந்த ஆபீஸுக்கு என்று கேட்டு, நான் கார்டில் எழுதிப் போட்ட விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறாய். மாப்பிள்ளைக்கு எழுதமாட்டேன் என்று சத்தியமும் செய்துவிட்டு! என் புருஷனிடம் நான் சொல்ல வைத்திருந்ததை ஒரு துறைமுகத்துக்குச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அமிர்தவள்ளி

ஆம்பூர்,
22 ஜூலை 1930

தங்கைக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும்.

நான்தான் எழுதினேன். நாலு நாள் யோசித்துத்தான் எழுதினேன். நீ இறங்கின பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் மறைத்தாள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பயந்தேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லபடியாக நடத்துவார்கள் என்று நம்பினேன். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் ஆபீஸில் டைப் அடிக்கிற இஷ்தியாக் அகமதுவிடம் சொல்லி எழுதவைத்தேன். அவன் யாரிடமும் சொல்லவில்லை, மானேஜர் மக்பூல் அகமதுவிடம் மட்டும்தான் சொன்னானாம். கான்ஃபிடென்ஷியல் என்ற வார்த்தையைப் பார்த்தால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று அவன்தான் சொன்னான்.

இப்போது எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. நான் முதலில் எழுதினது அத்தனையும் பொய், தங்கைக்கு ஒரு நாளும் எந்த வியாதியும் இருந்ததில்லை என்று இன்னொரு கடிதம் அனுப்பிவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிடும். மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? உன்னைத் திட்டினாரா?

அண்ணன்,
ரத்தினசாமி

டர்பன்,
30 ஆகஸ்ட் 1930

அண்ணாவுக்கு,

உடம்பு சுகம். கீழே எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாதே.

எழுதாதே. இரண்டாவது கடிதம் எழுதாதே. முதல் கடிதம் உண்மை, இரண்டாவது பொய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் உன்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவான். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், பேனாவைத் தொடாதே. ஆயுதபூஜைக்குக்கூடத் தொடாதே.

உன் மாப்பிள்ளை திட்டவில்லை. திட்டினால் தேவலை. அன்று கூடத்தில் கேட்டதைப் பற்றி இந்த ஐந்து மாதத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் செருப்பு ஷாப்புக்குப் போகிறார், சாயங்காலம் வருகிறார், மழையைப் பற்றிப் பேசுகிறார். குழம்பு நன்றாயிருக்கிறது என்கிறார். நான் ஆரம்பித்தால், "அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போகிறார். எனக்குப் பயந்தா, என்னை வெறுத்தா, எதுவும் தெரியவில்லை. நானே சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று கப்பலில் பதினெட்டு நாளும் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அது இப்போது எதற்கும் ஆகாமல் கிடக்கிறது.

நவம்பர் 12-ஆம் தேதி கடைசி விசாரணை. அன்று அவரையும் விசாரிப்பார்களாம். என்னைத் திருப்பி அனுப்ப அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆபீஸில் "தூக்கம் எப்படி?" என்று கேட்டால் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்கிறேன்.

அமிர்தவள்ளி

ஆம்பூர்,
8 அக்டோபர் 1930

அன்புள்ள அத்தைக்கு,

சுந்தரி எழுதுவது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. நாங்கள் சுகம், நீங்களும் மாமாவும் சுகமா?

அம்மா சொல்கிறார்கள்: "அமிர்தம், ஒன் அண்ணன் நீ வாணான்னு சொன்னதுக்கப்புறமும் ரெண்டாவது லெட்டர் எழுதி முடிச்சிட்டாரு. தபாலாபீசுக்குப் போற வழில மடக்கி, ஜோப்புலேர்ந்து உருவி, அடுப்புல போட்டேன். பேஜாரு புடிச்ச மனுசன். நீ அதப் பத்திக் கவலப்படாத.

"அவரு ஒனக்கு எழுதாதது ஒண்ணு இருக்குது. ஏப்ரல் மாசத்துல கலெக்டர் ஆபீசுலேர்ந்து சொல்லி, ஒரு போலீஸ்காரன் காயிதத்தோட வந்தான். நேரா நம்ம ஊட்டுக்கு வரக்கூடாதா? கொழாயடில அத்தினி பொம்பளைங்க நடுவுல நின்னுக்கினு, பைத்தியம் புடிச்ச அமிர்தவள்ளி ஊடு எதுன்னு கேட்டான். நாலு ஊட்ல பூந்து வெசாரிச்சான். அடுத்த வாரமே வாணியம்பாடி மாப்ள ஊட்டுக்காரங்க வந்து சுந்தரிக்கு வெச்ச நிச்சயத் தட்டத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கல்யாணம் தள்ளிப்போவல, நின்னே போச்சி. அன்னிலேர்ந்து ஒன் அண்ணன் சரியா சாப்டறதில்ல. அவரு மேல எனக்குக் கோவம் கொஞ்சமில்ல. ஆனா ஒன் மேல ஒரு துளியும் கெடையாது. நீ தைரியமா நில்லு."

அத்தை, எனக்கு அந்த மாப்பிள்ளை போனதில் பெரிய வருத்தமில்லை. ஊரே பேசுவதுதான் பிடிக்கவில்லை.

சுந்தரி

டர்பன்,
16 நவம்பர் 1930

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. சாப்பிடாமல் இருந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் தேதி அதே கூடம், அதே துபாஷி. டாக்டரம்மாவிடம் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவருடைய பதிலைப் படித்தார்கள்: அமிர்தவள்ளி நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார், முன்பு அவர் என்னிடம் சொன்னது அவருக்குச் சொந்தம், ரிஜிஸ்டர் அனுப்ப முடியாது. ஆபீஸருக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டரம்மாவின் அந்த வரிகளில் என்னைப் பெற்றவளைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

பிறகு உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். துபாஷி அன்றைக்கும் குரலைத் தணிக்கவில்லை. "வியாதிய ஒன்னாண்ட மறைச்சிட்டாங்கன்னா இப்பவே சொல்லிடு, அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடலாம். ஒனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "தெரியும். படுத்தப்பவே எனக்கு எழுதிட்டா. ஆறு வருசமா தெரியும்" என்றார். செருப்புக்கு அளவு சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அண்ணா, நான் எதையும் எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆபீஸர் முத்திரை குத்தினார். நான் இனி இங்கே இருக்கலாம்.

உன் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். உள்ளே வந்த காகிதம் வெளியே போகாதாம். நாளைக்கு நான் கிழவியாகிச் செத்தாலும் அது அந்த அலமாரியில் என் பெயரோடு இருக்கும். அதை நினைத்தால் உன் மேல் கோபம் மறுபடியும் பற்றிக்கொண்டு வருகிறது. தீரும் என்று பொய் சொல்லமாட்டேன். அதற்காக எனக்கு எழுதாமல் இருந்துவிடாதே. சுந்தரிக்கு அடுத்த வரன் வந்தால், அவர்களிடம் என்னைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவளைக் கேட்டுச் செய். அண்ணியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கிறது என்று அவளிடம் சொல்.

ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தோம். குழந்தை செத்த சேதி போன பிறகு இவரிடமிருந்து ஐந்து மாதம் ஒரு கடிதமும் வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கல்நெஞ்சுக்காரன் என்று நீயும் நானும் பேசினோம். அந்த ஐந்து மாதம் ஏன் எழுதவில்லை என்பதை வழியில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டோம். நானும் என்னுடைய எண்பது நாளைச் சொன்னேன், மனப்பாடம் செய்தபடி அல்ல, வந்தபடி.

அவர் சொன்னது என்னவென்று கேட்டு எழுதாதே, அண்ணா. உனக்கு நான் சொல்லமாட்டேன்.

இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

உன் தங்கை,
அமிர்தவள்ளி